நெல்மணி தாங்கும் பாரம்

சிதம்பரம் பக்கத்துப் பழைய வீடுகளில் நெற்குதிரைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு ஒரு கேள்வி. ஆளுயரக் குதிரில் விளிம்பு வரை நெல் கொட்டியிருக்கிறது. அடியில் கிடக்கும் மணியின்மேல் எவ்வளவு பாரம்? மேலே உள்ளது முழுவதும் என்று நம் மாணவர்கள் தயங்காமல் விடை கூறுவார்கள். தண்ணீர்த் தொட்டியாயின் அது சரியே, நெல்லுக்குப் பொருந்தாது.

1895-ஆம் வருஷம் ஜான்சன் என்னும் ஜெர்மானிய எஞ்சினீயர் மாதிரிக் கூண்டுகளில் தானியத்தைக் கொட்டி, அடித்தட்டில் விழும் பாரத்தை நிறுத்துப் பார்த்தார். முதலில் பாரம் ஏறிற்று. பிறகு மேன்மேலும் கொட்டியும் ஏறக்குறைய ஓரளவில் நின்றுவிட்டது. மீதி எங்கே போயிற்று? மணிகள் ஒன்றையொன்று நெருக்கிப் பக்கத்துச் சுவரை உந்துகின்றன; உராய்வினால் சுவரே அப்பாரத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அடியை மட்டும் பலப்படுத்திச் சுவரை மெலிதாக விடுபவர் ஏமாந்து போவார். அதிலும் அடித்துவாரத்தைத் திறந்து தானியம் இறங்கத் தொடங்கும்போது சுவரின்மேல் நெருக்கம் இன்னும் மிகும்.

சரி, தனித்தனி மணிக்குப் பங்கு எவ்வளவு? இங்கேதான் கணக்குப் புலவர்களும் திணறுகிறார்கள். ஒவ்வொரு மணியும் பல மணிகளைத் தொடுகிறது. அறிய வேண்டிய விசைகள், கிடைக்கும் சமன்பாடுகளைவிட அதிகம். உள்ளே எட்டிப் பார்க்கவோ வழியில்லை. 2005-இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த மஜ்முதாரும் பெரிங்கரும் நெல்லுக்குப் பதில் ஒளி ஊடுருவும் சிறு வட்டத் தகடுகளை அடுக்கி நெருக்கினர். நெருக்குண்ட தகட்டின் வழியே தனிவகைக் கண்ணாடிகளால் பார்த்தால் ஒளியும் இருளுமாக வரிகள் தோன்றும். அவ்வரிகளைக் கணக்கோடு ஒப்பிட்டு ஒவ்வொரு தொடுமுனையின் விசையையும் மதிப்பிட்டனர். அதில் கண்டது வியப்புக்குரியது: பெரும்பாரத்தைச் சில தகடுகள் சங்கிலிபோல் கோத்து நின்று சுமக்க, அடுத்தது சும்மா கிடந்தது! (நம் கூட்டுக் குடும்பங்கள் நினைவுக்கு வந்தால் நாம் பொறுப்பல்ல.) நம் நாட்டிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக் கேசவ ராவும் பிரபு நாட்டும் மணிப்பொருள்களின் ஓட்டத்தைப் பற்றி 2008-இல் ஒரு பெருநூலே வெளியிட்டிருக்கிறார்கள்.

குதிர் இல்லாதவர்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குப் போகலாம். ஈரமணலில் காலூன்றினால் சுற்றிலும் மணல் சட்டென்று உலர்ந்து வெளிறும். மணிகள் ஒன்றன்மேலொன்று ஏறி இடைவெளி பெருக, நீர் உள்ளே இறங்குகிறது. 1885-இல் ரெயினால்ட்ஸ் விளக்கிய விந்தை இது. அங்கும் நம்மைத் தாங்குபவை அச்சங்கிலிகளே.

முன்னாளில் குதிரின் அடியில் மிஞ்சிய நெல்லை அள்ளச் சிறுவர்களை உள்ளே இறக்குவதுண்டு. பெருங்கிடங்கில், அடிவழியே தானியம் ஓடிக்கொண்டிருக்கையில், மேலே நடப்பவன் கதி வேறு. காலைத் தாங்கும் சங்கிலிகள் நொடிக்கு நொடி அறுகின்றன. இடுப்பளவு புதைந்தபின் நீரில்போல் நீந்தி வெளிவரவும் இயலாது.