ஒரு செடி, ஆறு வகை: தேயிலை வகைகள் உருவாகும் முறையும் தமிழ்க் கலைச்சொல் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

பசுந்தேயிலை, வெண்தேயிலை, மஞ்சள் தேயிலை, ஊலாங், கருந்தேயிலை, பின்நொதித்த தேயிலை ஆகிய ஆறும் கமேலியா சைனென்சிஸ் என்னும் ஒரே தாவர இனத்தின் கொழுந்திலிருந்து பெறப்படுவன. இவற்றை வேறுபடுத்துவது பறித்தபின் கொழுந்துக்குச் செய்யப்படும் பக்குவமே. இக்கட்டுரை அப்பக்குவத்தின் அறிவியலை விளக்குவதுடன், 'நொதித்தல்' என்னும் ஒரே சொல்லை இருவேறு நிகழ்வுகளுக்கு வழங்குவதால் தமிழில் நேரும் குழப்பத்தைச் சுட்டி, அதற்குத் தீர்வும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: தேயிலை, கொழுந்து, ஆக்சிஜனேற்றம், நொதித்தல், கலைச்சொல்.

முன்னுரை

தேநீர் தமிழர் வாழ்வில் நாள்தோறும் இடம்பெறும் பானம். நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் தமிழரே. ஆயினும் பசுந்தேயிலை ஒரு செடியிலும் கருந்தேயிலை வேறொரு செடியிலும் விளைகின்றன என்னும் எண்ணம் படித்தவரிடையேயும் காணப்படுகிறது. இவ்வெண்ணம் புதியதன்று, தாவரவியலாரே ஒரு காலத்தில் கொண்டிருந்ததுதான்.

செடியால் வகுத்த காலம்

கார்ல் லின்னேயசு 1753-இல் வெளியிட்ட நூலில் தேயிலைச் செடியைத் 'தியா சைனென்சிஸ்' என ஒரே இனமாகக் குறித்தார். 1762-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலோ, இதழ்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு 'தியா போகியா', 'தியா விரிடிஸ்' என இரண்டாகப் பிரித்தார். ஆறு இதழுடையது போகியா. ஒன்பது இதழுடையது விரிடிஸ். முன்னதிலிருந்து கருந்தேயிலையும் பின்னதிலிருந்து பசுந்தேயிலையும் கிடைக்கின்றன என்னும் கருத்து இப்பிரிவினையால் வலுப்பெற்றது.

1843-இல் சீனா சென்ற இசுக்காட்லாந்துத் தாவரவியலார் இராபர்ட் பார்ச்சூன், தேயிலை ஆக்கப்படும் இடங்களை நேரிற்கண்டு, இரு வகையையும் ஒரே செடியின் இலையிலிருந்து ஆக்க இயலும் என எழுதினார். 1887-இல் ஆட்டோ குன்ட்சே வழங்கிய 'கமேலியா சைனென்சிஸ்' என்னும் பெயரே இன்று ஏற்கப்பட்டுள்ளது. இதில் சிற்றிலையுடைய சீன வகையும் பேரிலையுடைய அசாம் வகையும் முதன்மையானவை.

கொழுந்தினுள் நிகழும் மாற்றம்

பறித்த கொழுந்தின் எடையில் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு நீர். அதன் உயிரணுக்களின் நுண்குமிழ்களில் கேட்டச்சின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி பசுங்கணிகங்களில் தனியே உள்ளது. இலை சிதையாதவரை இவ்விரண்டும் பெரிதும் கலப்பதில்லை. இலையை உருட்டினாலோ கசக்கினாலோ நறுக்கினாலோ உயிரணுக்கள் உடைகின்றன. நொதியும் கேட்டச்சினும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்கிறது. கேட்டச்சின்கள் முதலில் செம்மஞ்சள் நிறத் தியாஃபிளேவின்களாகவும், பின்னர்ச் செம்பழுப்பு நிறத் தியாருபிஜின்களாகவும் மாறுகின்றன. முன்னவை தேநீருக்குத் துடிப்பான சுவையையும் ஒளிர்வையும், பின்னவை அடர்நிறத்தையும் திண்மையையும் தருகின்றன. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வகை வினையால்தான்.

வெப்பம் இந்நொதியைச் செயலிழக்கச் செய்யும். எனவே இலையை எப்போது சூடாக்குவது, எவ்வளவு சிதைப்பது என்னும் இரு முடிவுகளே தேயிலையின் வகையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஆறு வகைகள்

சீன அறிஞர் சென் சுவான் 1979-இல் பக்குவமுறையை அடிப்படையாகக் கொண்டு வகுத்த ஆறு பிரிவுகள் இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளன. 2023-இல் வெளியான பன்னாட்டுத் தரநிலையும் இவ்வாறு பிரிவுகளையே கொண்டுள்ளது.

பசுந்தேயிலை ஆக்கத்தில் நொதி தொடக்கத்திலேயே வெப்பத்தால் முடக்கப்படுகிறது. சீனர் பெரும்பாலும் வாணலியில் வறுப்பர்; சப்பானியர் நீராவியில் அவிப்பர். கேட்டச்சின்கள் பெரும்பாலும் மாறாது எஞ்சுவதால் பசுமையும் துவர்ப்பும் நிலைக்கின்றன. மஞ்சள் தேயிலையும் முதலில் சூடாக்கப்படுவதே. ஆயின் ஈரமும் வெம்மையும் நீங்காமல் பொதிந்துவைக்கப்படுவதால் இலை மெல்ல மஞ்சளாகிறது. வெண்தேயிலையை உருட்டுவதுமில்லை, தொடக்கத்தில் சூடாக்குவதுமில்லை, வாடவைத்து உலர்த்துவர். நெடுநேரம் வாடுகையில் சிறிதளவு ஆக்சிஜனேற்றம் தானே நிகழ்கிறது.

ஊலாங் ஆக்கத்தில் வாடிய இலைகளைக் குலுக்கி விளிம்புகளைக் கன்றச்செய்வர். விளிம்பு சிவந்து நடுப்பகுதி பசுமையாக இருக்கும் நிலையில் சூடாக்கி வினையை நிறுத்துவர். எந்த அளவில் நிறுத்துவது என்பதற்கேற்ப ஊலாங்கின் மணமும் நிறமும் பெரிதும் மாறுகின்றன.

கருந்தேயிலை ஆக்கத்தில் இலையை வாடவைத்து, நன்கு சிதைத்து, ஆக்சிஜனேற்றம் நிறைவுறும்வரை பரப்பிவைத்து, இறுதியில் ஈரம் ஏறத்தாழ 3 விழுக்காடாகும்வரை உலர்த்துவர். மரபுமுறையில் இலை உருட்டப்படுகிறது. 1930-களில் அசாமில் உருவான சி.டி.சி. முறையில் பல்லுருளைகளிடையே நசுக்கிக் கிழித்துச் சுருட்டப்படுகிறது. இதில் உயிரணுக்கள் மிகுதியாக உடைவதால் வினை விரைந்து நடக்கிறது. பால் சேர்த்தாலும் குன்றாத நிறமும் கடுப்பும் கிடைக்கின்றன. தமிழகத் தேநீர்க் கடைகளில் பெரும்பாலும் பயன்படும் தூள் இதுவே.

பின்நொதித்த தேயிலை இவற்றினின்றும் வேறானது. இலையைச் சூடாக்கி நொதியைப் பெரிதும் முடக்கியபின், நுண்ணுயிரிகளின் செயற்பாட்டுக்கு விடுவர். யுன்னானின் புவர் தேயிலை இதற்குப் புகழ்பெற்ற சான்று. 1973-இல் குன்மிங்கில் உருவாக்கப்பட்ட முறையில், இலைக்குவியலை ஈரமாக்கி மூடிவைத்துப் பூஞ்சை முதலியவற்றின் வளர்ச்சி விரைவுபடுத்தப்படுகிறது.

செடியின் பங்கு

இதனால் செடிக்குப் பங்கே இல்லை எனக் கொள்ளலாகாது. அசாம் வகையில் கேட்டச்சின் மிகுதி. ஆதலால் அது கருந்தேயிலைக்கு ஏற்றது. சீனச் சிற்றிலை வகை பசுந்தேயிலைக்கு மிகவும் உகந்தது. சப்பானில் மச்சாவுக்கான செடிகளைப் பறிப்புக்கு முன் சில வாரங்கள் நிழலில் வைப்பதால், இன்சுவை தரும் தியனின் என்னும் அமினோ அமிலம் இலையில் மிகுகிறது. செடியும் நிலமும் தேயிலையின் தரத்தையும் தகுதியையும் வரையறுக்கின்றன. வகையை நிறுவுவது பக்குவமே.

கலைச்சொல் சிக்கல்

தேயிலைத் தொழிலில் கருந்தேயிலையின் ஆக்சிஜனேற்ற நிலை நெடுங்காலமாக 'நொதித்தல்' எனப்படுகிறது. இது அத்தொழிலின் ஆங்கில வழக்கிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. அங்கு நுண்ணுயிரி தேவையில்லை. வினைபுரிவது இலையின் சொந்த நொதியே. தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. மாவு புளிப்பதற்குரிய 'நொதித்தல்' என்னும் சொல்லும், உயிர்வினை ஊக்கியைக் குறிக்கும் 'நொதி' என்னும் சொல்லும் ஒரே வேரின. 'நொதி செயற்படுவதால் இதுவும் நொதித்தலே' எனச் சொல்லளவில் வாதிடவும் இடமுண்டு. அவ்வாறு கொண்டால், கருந்தேயிலைக்கும் புவருக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைத் தமிழில் சொல்ல வழியில்லாமற் போகும்.

எனவே முன்னதை 'ஆக்சிஜனேற்றம்' என்றும் பின்னதை 'நுண்ணுயிர் நொதித்தல்' என்றும் வேறுபடுத்துதல் தகும். முன்னதற்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'ஒட்சியேற்றம்' என்பதும் பொருந்தும்.

நிறப்பெயர்களிலும் இடருண்டு. ஆங்கிலேயர் கருந்தேயிலை என்பதைச் சீனர் 'செந்தேயிலை' என்பர். சீனரின் 'கருந்தேயிலை' நாம் மேலே பின்நொதித்தது என்றதாகும். தமிழ்ப் பேச்சு வழக்கிலோ 'பிளாக் டீ' என்பது பாலற்ற தேநீர். இம்மூன்றையும் அறியாமல் மொழிபெயர்ப்பவர் ஒன்றுக்கு மற்றொன்றை எழுத நேரும். 'மூலிகைத் தேநீர்' என்னும் தொடரும் கருதத்தக்கது. ஆவாரம்பூ, செம்பருத்தி முதலியவற்றின் வடிநீரில் தேயிலை இல்லை. தென்னாப்பிரிக்க ரூயிபாசு ஓர் அவரைக் குடும்பச் செடி. பசுந்தேயிலைக் கேட்டச்சின்களைப் பற்றிய ஆய்வு முடிவுகளை இவற்றின்மேல் ஏற்றியுரைப்பது பிழையாகும்.

முடிவுரை

லின்னேயசின் பகுப்பு திருத்தம் பெற்றது, பார்ச்சூன் தேயிலை ஆக்கப்படும் இடத்திற்கே சென்று கண்டதனால். நம் கலைச்சொற்களும் அவ்வகைத் திருத்தத்தை வேண்டிநிற்கின்றன. வாடவைத்தல், சிதைத்தல், ஆக்சிஜனேற்றம், வெப்பமூட்டல், உலர்த்தல், நுண்ணுயிர் நொதித்தல் என ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு சொல் உறுதிப்பட்டால், ஒரே கொழுந்து ஆறு வகையாகும் வரலாற்றை வகுப்பறையிலும் தொழிற்கூடத்திலும் பிழையின்றி விளக்க இயலும்.