நூறு இயந்திரங்களுக்கு ஒரே நிரல்

ஸ்வீடன் நாட்டில் டேனியல் ஸ்டென்பெர்க் என்னும் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அவ்வப்போது விசித்திரமான மின்னஞ்சல்கள் வருவதுண்டு. காரில் வழிகாட்டும் திரை வேலை செய்யவில்லை, அதை எப்படிச் சரி செய்வது என்று முன்பின் அறியாத யாரோ ஒருவர் கேட்பார். ஸ்டென்பெர்க்கோ கார் செய்பவர் அல்லர். அந்தக் காரை அவர் பார்த்தது கூட இல்லை. பின் ஏன் அவரைக் கேட்கிறார்கள்? காரின் திரையில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும் உரிம அறிவிப்பில் அவருடைய பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கின்றன. வேறு முகவரி கிடைக்காதவர்கள் அந்த முகவரிக்கே எழுதி விடுகிறார்கள்!

அவர் பெயர் அங்கே வந்த கதைதான் இக்கட்டுரையின் பொருள்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. தையல் கற்கும் நாம் ஊசியையும் நூலையும் கடையில்தானே வாங்குகிறோம்? அதுபோல, அடிக்கடி தேவைப்படும் வேலைகளை முன்பே எழுதி, சோதித்து, பிறர் எடுத்துத் தம் நிரலுடன் இணைத்துக் கொள்ளும்படி வைத்திருப்பார்கள். இதற்கு 'லைப்ரரி' என்று பெயர். புத்தகம் படிக்கும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். நிரல்தொகுப்பு என்று சொல்லலாம். அதன் மூல வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுத்து வெளியிட்டால் அது திறந்த மூலநிரல் ஆகும்.

ஸ்டென்பெர்க்கின் தொகுப்புக்கு 'லிப்கர்ல்' என்று பெயர். ஓர் இயந்திரம் இணையத்தின் வழியே மற்றோர் இயந்திரத்திடமிருந்து தகவலை வாங்குவதும், அனுப்புவதும் அதன் வேலை. ஆரம்பம் மிகச் சிறியது. 1996-ம் ஆண்டில், அரட்டைக் குழு ஒன்றின் நண்பர்களுக்காக நாணய மாற்று விகிதத்தைத் தானாகச் சொல்லும் நிரல் ஒன்றை அவர் எழுதிக் கொண்டிருந்தார். அன்றாட விகிதத்தை இணையப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். பிரேசில் நாட்டவரான ரஃபேல் சகுலா எழுதிய சில நூறு வரிகளே கொண்ட ஒரு நிரல் அவர் கண்ணில் பட்டது. அதை எடுத்துத் திருத்தினார். பிறகு பொறுப்பும் அவர் கைக்கே வந்தது. 1998-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி 'கர்ல்' என்னும் பெயரில் அது வெளிவந்தது. 2000-ம் ஆண்டில் அதன் உள்ளுறுப்பைத் தனியே பிரித்து, எந்த நிரலும் இணைத்துக் கொள்ளத்தக்க தொகுப்பாக்கினார். பகலெல்லாம் வேறு வேலை, இரவில்தான் இது. 2019-ம் ஆண்டில்தான் இதுவே அவருடைய முழுநேர வேலையாயிற்று.

எழுதி வெளியிட்டால் முடிந்தது என்று நாம் நினைப்போம். உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கர்ல் இன்று 100-க்கும் மேற்பட்ட இயங்குதளங்களில் ஓடுகிறது. இயங்குதளம் என்பது இயந்திரத்தை ஆளும் அடிப்படை நிரல். விண்டோஸ், லினக்ஸ் என்று நாம் சொல்லுகிறோமே, அவை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பழக்கம்.

சில உதாரணங்களைப் பார்ப்போம். சி மொழியில் 'லாங்' என்று ஒரு எண்வகை உண்டு. 64-பிட் லினக்ஸில் அது எட்டு பைட் அகலம். 64-பிட் விண்டோஸிலோ நான்கே பைட். பெரிய கோப்பு ஒன்றின் அளவை 'லாங்' எண்ணில் வைத்தால் லினக்ஸில் சரியாக இருக்கும். விண்டோஸில் 200 கோடியைச் சற்றுத் தாண்டியதுமே கணக்கு தடம் புரளும். லினக்ஸில் இணையத் தொடர்பை மூடுவதற்கு ஒரு கட்டளை, விண்டோஸில் வேறொரு கட்டளை. எழுத்துக்களின் எண்ணுங்கூட எங்கும் ஒன்றல்ல! நம் கணிப்பொறிகளில் ஆங்கில 'ஏ' பெரிய எழுத்துக்கு எண் 65. ஐ.பி.எம். நிறுவனத்தின் சில பெரிய இயந்திரங்களில் அதே எழுத்துக்கு எண் 193. அங்கே கர்ல் ஓட வேண்டுமானால், அனுப்பும் ஒவ்வோர் எழுத்தையும் மொழிபெயர்க்க வேண்டும்.

இத்தனை இயந்திரங்களையும் ஒருவர் வீட்டில் வாங்கி வைக்க முடியுமா? முடியாது. ஆகவே இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். ஒன்று, 1989-ம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட சி மொழியைத் தாண்டாமல் எழுதுவது. புதிய வசதிகள் பல வந்துவிட்டன. ஆனால் பழைய இயந்திரத்துக்கு அவை புரியாதே! மற்றொன்று, தொகுப்பைக் கட்டும்போது இயந்திரத்திடமே கேட்பது. 'கான்ஃபிகர்' என்னும் நிரல் சின்னஞ்சிறு சோதனை நிரல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பார்க்கும். இந்த வசதி இங்கே உண்டா, அந்த எண்வகை எத்தனை பைட் என்று அறிந்து, அதற்கேற்ற வரிகளை மட்டும் சேர்க்கும். புது மாணவியிடம் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டுப் பாடம் தொடங்கும் ஆசிரியையைப் போல என்று வைத்துக் கொள்ளலாம். ஒவ்வொரு திருத்தமும், சேர்க்கப்படும் முன் நூற்றுக்கு மேற்பட்ட விதங்களில் தானாகவே கட்டிச் சோதிக்கப்படுகிறது. வழக்கமாக எட்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு புதன்கிழமையில், புதிய பதிப்பு வெளிவரும்.

இவையெல்லாவற்றையும் விட, வாக்குக் காப்பதே கடினம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தொகுப்புக்கு இடும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை நம்பி உலகெங்கும் நிரல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு நாள் அழகு கருதி எண்களை வரிசை மாற்றினால் அத்தனை நிரல்களும் ஒரே இரவில் படுத்துவிடும். 2006-ம் ஆண்டு அக்டோபரில், அதிகம் பயன்படாத பழைய வசதி ஒன்றை நீக்கியபோது இதற்கு ஒத்த நிலை ஏற்பட்டது. தொகுப்பின் இணைப்பு எண் 3-லிருந்து 4 ஆயிற்று, பழைய நிரல்களை மறுபடி கட்ட வேண்டி வந்தது, முணுமுணுப்பும் எழுந்தது. அன்றிலிருந்து அந்த எண் மாறவே இல்லை, இன்றும் 4-தான். வேண்டாத கட்டளையைக் கூட எடுத்தெறிவதில்லை. ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் புதியதற்குப் புதிய எண் கொடுக்கிறார்கள்.

இப்படிக் காத்ததனால் அது பரவியது. 2018-ம் ஆண்டில் விண்டோஸ் 10 உடனேயே கர்ல் வரத் தொடங்கியது. கைபேசி, தொலைக்காட்சி, கார், விளையாட்டுக் கருவி எல்லாவற்றிலும் லிப்கர்ல் இருக்கிறது. 2,000 கோடிக்கு மேற்பட்ட இடங்களில் நிறுவப்பட்டிருக்கும் என்பது அக்குழுவினரின் மதிப்பீடு. 2021-ம் ஆண்டு ஏப்ரலில் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த சிறு ஹெலிகாப்டருக்கு உதவிய திறந்த மூலநிரல்களில் கர்லும் ஒன்று. 2017-ம் ஆண்டில் ஸ்டென்பெர்க்கிற்கு ஸ்வீடனின் போல்ஹெம் பரிசு, மன்னர் கையால் தங்கப்பதக்கமாகக் கிடைத்தது.

எங்கும் இருப்பதில் ஒரு பயமும் உண்டு. 2020-ம் ஆண்டின் தொடக்கத்தில், நிரலின் ஒரு பகுதியை ஸ்டென்பெர்க் திருத்தி எழுதினார். இடைநிலையம் ஒன்றின் வழியாகத் தொடர்பு கொள்ளும் பகுதி அது. அந்த முறையில் ஊர்ப்பெயர் போன்ற இயந்திரப் பெயர் 255 எழுத்துக்களுக்கு மேல் போகக் கூடாது. நீண்ட பெயர் வந்தால் வேறு வழியில் தேட வேண்டும் என்பதை நினைவில் வைக்கும் குறிப்பு, தொடர்பு மெதுவாக நடக்கும்போது மறந்து போயிற்று. அதன் விளைவாக நீண்ட பெயர் சிறிய நினைவிடத்தில் கொட்டப்பட்டு, பக்கத்து நினைவிடத்திலும் வழியும். தீயவர் ஒருவர் இதை வைத்தே இயந்திரத்தைக் கெடுக்க இயலும். மூன்றரை ஆண்டுகள் யார் கண்ணிலும் இது படவில்லை!

2023-ம் ஆண்டில் ஒருவர் கண்டுபிடித்துத் தெரிவித்தார். குறையை அப்போதே ஊரறியச் சொன்னால் தீயவர்களும் அறிவர். சொல்லாமலே இருந்தால் பயன்படுத்துவோர் ஆயத்தமாக மாட்டார்கள். எனவே, பெரிய குறை ஒன்றைத் திருத்தும் பதிப்பு அக்டோபர் 11-ல் வரும் என்று மட்டும் ஒரு வாரம் முன்பு அறிவித்தார். விவரம் சொல்லவில்லை. லினக்ஸ் வெளியிடுவோருக்கு மட்டும் திருத்தம் இரகசியமாகச் சென்றது. குறித்த நாளில் 8.4.0 பதிப்பு வெளிவந்தது. அதே நாளில், தவறு எப்படி நேர்ந்தது, அதைச் செய்தவர் தாமே என்பதை வரிவரியாக விளக்கி ஸ்டென்பெர்க் எழுதியும் விட்டார். கணக்குப் புத்தகத்தில் பிழையை ரப்பரால் அழித்துவிட்டு மேலே எழுதும் எங்களுக்கு அதைப் படிக்கையில் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

கணிப்பொறிகளுக்கும் கைபேசிகளுக்கும் திருத்தம் விரைவில் போய்ச் சேரும். காருக்கும் தொலைக்காட்சிக்கும் அப்படியல்ல. செய்து விற்ற நிறுவனம் புதிய பதிப்பை அனுப்பினால்தான் உண்டு. அனுப்பாத கருவிகளில் பழைய பதிப்பு அப்படியே ஓடிக் கொண்டிருக்கும்; அதன் திரை மூலையில் ஸ்வீடன் நாட்டு முகவரி ஒன்றும் இருக்கும்.