சிவப்பழகு கிரீமும் சிறுநீரகமும்

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் ஒரே நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். சிறுநீரக வடிகட்டியின் சவ்வு பழுதாகி, புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய் அது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது ‘நெல்-1’ என்ற அரிய வகை. துருவிக் கேட்டபோது, அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தது தெரிந்தது. இத்தகைய கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பதுண்டு.

பாதரசத்துக்கு என்ன வேலை?

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரசம் அதை முடக்கிவிடும், முகம் வெளுக்கும். பூசியது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து, பெரும்பகுதி சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. கிரீமிலிருந்து ஆவியாகவும் வெளியேறும். தலையணை உறையிலும் துண்டிலும் ஒட்டும். அதனால் பூசாத குழந்தைக்கும் பங்கு உண்டு.

முகப்பூச்சில் பாதரசம் சேர்க்க இந்தியாவில் அனுமதி இல்லை. தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆனால் தயாரித்தவர் பெயர்கூட இல்லாத டப்பாவிடம் சட்டம் பேசி என்ன பயன்? லேபிளில் ‘கலோமெல்’, ‘மெர்குரி’, ‘மெர்குரஸ் குளோரைடு’ என்று இருந்தால் வாங்காதீர்கள். சேர்மானப் பட்டியலே இல்லையென்றாலும் அப்படியே.

‘உப்பு’ சரியாக இருந்தால் போதுமா?

நம் ஊரில் கிட்னி என்றாலே ‘உப்பு எவ்வளவு?’ என்பார்கள், கிரியாட்டினினைத்தான் சொல்கிறார்கள். இந்த நோயின் தொடக்கத்தில் அது சரியாகவே இருக்கலாம். அடங்காத நுரையோடு சிறுநீர் போவது, காலையில் கண்ணிமை வீங்குவது, மாலையில் கணுக்காலை அழுத்தினால் குழி விழுவது, இவைதான் தடயம். சிறுநீரில் புரதம் பார்க்கும் எளிய சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் மருந்து

கிரீமை நிறுத்துவதுதான். நிறுத்தியபின் புரத ஒழுக்கு படிப்படியாகக் குறைந்து பலர் தேறுகிறார்கள். புரதத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் துணைக்கு. ‘கிட்னியைச் சுத்தம் செய்யும்’ கஷாயத்தைத் தேடிப் போக வேண்டாம். பாதரசம், ஈயம் கலந்த மருந்துகளும் சந்தையில் உண்டு. கிரீம் டப்பாவைக் குப்பையில் வீசாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.