கூண்டிலிருந்து கூடத்துக்கு

நாய்க் காப்பகம் என்பது நாய்கள் ஆயுள் முழுதும் கிடப்பதற்காக ஏற்பட்ட இடம் இல்லை. அடிபட்ட நாய், வழிதவறிய நாய், வீட்டார் கைவிட்ட நாய், தாயை இழந்த குட்டி என்று எது வந்தாலும் உடம்பு தேறி இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை தங்குகிற சத்திரம் அது. உலகின் பழைய காப்பகங்களுள் ஒன்றின் பெயரிலேயே இந்த எண்ணம் இருந்தது. 1860இல் லண்டனின் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்ற பெண்மணி தொடங்கிய இல்லத்துக்கு வைத்த பெயர் ‘வழிதவறிய, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம்’. 1871இல் அது பேட்டர்சீ என்ற பகுதிக்கு இடம் மாறி, அந்தப் பகுதியின் பெயராலேயே இன்றுவரை நடந்துவருகிறது. தற்காலிகம் என்ற அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதுதான் எந்தக் காப்பகத்துக்கும் பெரும்பாடு. உள்ளே வர நாய்க்கு யார் தயவும் தேவையில்லை. வெளியே போவதற்கோ, ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாக ஒரு வீட்டார் மனம் வைக்க வேண்டும்.

சென்னையில் இந்த வேலையை ஊரறியச் செய்தது புளூ கிராஸ். 1959இல் விமானியான கேப்டன் வி. சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததில் அதன் கதை தொடங்குகிறது. அவரும் மனைவி உஷாவும் பிள்ளைகளும் வீட்டளவில் பார்த்துவந்த காரியம் சில ஆண்டுகளில் முறையான அமைப்பாக வளர்ந்தது. வேப்பேரியில் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் அதற்கு வெகுமுன்பே இருந்தது. ஆனால் நாய்களைப் பொறுத்தவரை அன்றைய நகரத்தின் பொது ஏற்பாடு வேறாக இருந்தது. லண்டனில் தற்காலிக இல்லம் திறந்த அதே 1860இல்தான் சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது என்று புளூ கிராஸ் எழுதிவைத்திருக்கிறது. 1990களின் நடுவில் அந்தக் கணக்கு நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை போயிற்று. பேசின் பிரிட்ஜில் இருந்த பட்டியில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய்கள் குறையவில்லை. ஒரு தெருவில் நாய்களைக் காலி செய்தால், அங்கே கிடக்கும் எச்சிலுக்கும் குப்பைக்கும் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து குடியேறும். மிஞ்சிய பெட்டைகள் ஈன்றுகொண்டே இருக்கும். பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடலாம் என்று புளூ கிராஸ் 1960களிலிருந்தே சொல்லிவந்தது. மாநகராட்சி அதை நகர் முழுவதற்கும் ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. பிறகு 2001இல் நாடு முழுவதற்குமான விதிகளாகவே அது வந்தது. 2023இல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

இந்த விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் இந்தியாவில் தத்துக்கு வருகிற நாய் எது என்பது விளங்கும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தெருவில் அலைகிற நாயைப் பிடித்தால் அது காப்பகத்துக்குப் போகும். உடையவர் தேடி வராவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டும். வீடு அமையாத நாயைக் கொல்வது அமெரிக்கக் காப்பகங்களில் நெடுங்காலம் அன்றாட வழக்கமாக இருந்தது. 1994இல் சான் பிரான்சிஸ்கோவின் பிராணிவதைத் தடுப்புச் சங்கம், வீட்டுக்குப் போகத் தகுதியான எந்த நாயையும் பூனையையும் கொல்லவிடாமல் தானே ஏற்றுக்கொள்வதாக அந்நகர நிர்வாகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான், கொல்லாக் காப்பகம் என்ற எண்ணம் அங்கே வேகம் பிடித்தது. இந்தியாவில், நன்றாக ஓடியாடித் திரியும் வளர்ந்த தெருநாய் கருத்தடைக்குப் பின் தன் தெருவுக்கே திரும்பிவிடும். அதன் காதில் இருக்கும் சிறு வெட்டுதான் அதற்கு அடையாளம். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் முதலில் உத்தரவிட்டது. இரண்டு வாரங்களுக்குள் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, ரேபீஸ் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்பதும் அந்த உத்தரவில் உண்டு.

ஆக, காப்பகங்களும் மீட்புக் குழுக்களும் வீடு தேடுவது பெரும்பாலும் மூன்று வகை நாய்களுக்கு: தாயில்லாக் குட்டிகள், வளர்த்தவர் கைவிட்ட நாய்கள், தெருவுக்குத் திரும்ப முடியாதபடி ஊனப்பட்டவை.

குட்டிகளின் கதை கடிகாரத்தோடு ஓடுகிற கதை. நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். தெருப் பெட்டைகள் பல மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் ஒட்டி ஈனுவதால், அந்த மாதங்களில் காப்பகத் தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. சாக்கில் கட்டிப் போட்டவை, அட்டைப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டவை, லாரிக்கடியில் தாயைப் பறிகொடுத்தவை என்று வந்துகொண்டே இருக்கும். பெட்டைக் குட்டிகளே அதிகம் வரும். கடுவன் குட்டியை யாராவது கேட்டு வாங்கிப்போவார்கள். ‘பெட்டை வேண்டாம், குட்டி போடும்’ என்று தாயோடு சேர்த்துத் துரத்துவார்கள். ஆறு மாதம் நிறைந்ததும் செய்கிற ஒரு கருத்தடை அறுவையில் தீர்ந்துபோகிற அச்சம் இது. அதற்காக எத்தனை குட்டிகள் சாக்கில் போகின்றன என்பது நெஞ்சை உறுத்துகிற விஷயம்.

காப்பகத்துக்கு வந்துவிட்டதாலேயே குட்டி பிழைத்தது என்று சொல்லிவிட முடியாது. பார்வோ என்ற வைரஸ் நோய் குட்டிகளுக்கு எமன். இரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக இரண்டு மூன்று நாளிலேயே உடம்பு வற்றிப்போகும். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு மசியாது. பிளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவ வேண்டும். பல இடங்களிலிருந்து நாய்கள் வந்து கூடும் இடத்தில், தடுப்பூசி போடாத குட்டிக்கு ஒவ்வொரு நாளும் கண்டம்தான். டிஸ்டெம்பர் இன்னொரு கொள்ளைநோய். பிழைத்த குட்டிக்கும் வலிப்பையும் தசைத் துடிப்பையும் விட்டுப்போகக் கூடியது. அதனால்தான் புதிதாக வந்தவற்றை இரண்டு வாரம் போலத் தனியே வைத்துக் கவனிக்கிறார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். ரேபீஸ் ஊசி மூன்றாம் மாதத்தில். தெருவிலிருந்து எடுத்த குட்டி கீறினாலும் கடித்தாலும், குட்டிதானே என்று விடக் கூடாது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபீஸ் குட்டிக்கும் வரும்.

இந்த ஆபத்துக்கு மாற்றாக வளர்ந்ததுதான் ‘ஃபாஸ்டர்’ முறை. நிரந்தர வீடு கிடைக்கும்வரை தன்னார்வலர் ஒருவர் குட்டியைத் தன் வீட்டில் வைத்து வளர்த்துத் தருவது. பெரிய காப்பகங்களுக்கு அப்பால், நகரங்களில் இயங்கும் மீட்புக் குழுக்கள் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு கூண்டுகூடக் கிடையாது. நாலைந்து பேரின் மொட்டை மாடிகளும் பால்கனிகளும், கடன் சொன்னாலும் பார்க்கிற ஒரு கால்நடை மருத்துவரும், ஒரு வாட்ஸப் குழுவும்தான் அவற்றின் முதல். ஃபாஸ்டர் வீட்டில் குட்டிக்குத் தொற்று குறைவு என்பது ஒன்று. அதைவிடப் பெரிய லாபம், மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையான வயதில் அது மனிதரோடு பழகிவிடுவது. மிக்சி சத்தம், அழைப்பு மணி, விளக்குமாறு, ஓடுகிற சிறுபிள்ளை ஆகிய எல்லாம் அந்த வயதில் பார்த்துப் பழகியவை. பின்னாளில் அவற்றைக் கண்டு அது மிரளாது.

இரண்டாவது வகை, மனிதரின் ஆசையும் சலிப்பும் சேர்ந்து உண்டாக்கியது. 2003 வாக்கில் ஒரு செல்பேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஒரு பக் நாய் ஓடியது. நாடெங்கும் பக் குட்டிகள் விற்றுத் தீர்ந்தன. தட்டையான முகமும் குறுகிய மூச்சுவழியும் உள்ள அந்த நாய் வெயிலில் மூச்சுக்குத் திணறும். முகத்து மடிப்பில் புண் வரும். கண்ணுக்குச் செலவு வைக்கும். செலவு தெரிந்ததும் தெருவுக்கு வந்த பக்குகள் ஏராளம். அடுத்த அலையில் சைபீரியன் ஹஸ்கி வந்தது. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த இரட்டை மயிர்ப்போர்வைக்காரனைச் சித்திரை வெயிலில் வைத்து வளர்க்க ஏசி ஓட வேண்டும், தினமும் மைல்கணக்கில் நடத்த வேண்டும். வட்டாரத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இத்தகைய இனங்களை இனப்பெருக்கம் செய்வதைத் தடுக்கும் கொள்கை ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்டது. நம் ராஜபாளையத்துக்கும் இதில் ஒரு துயரம் உண்டு. அந்தப் பால்வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்குச் சேர்ந்து வரும். கூப்பிட்டால் திரும்பாத நாயைச் சொல் கேளாத நாய் என்று ஒதுக்கிவிடுவார்கள். கைச்சைகையில் பழக்கினால் நன்றாகவே வளரும்.

குட்டிபோட்டு ஓய்ந்த பெட்டைகளைத் துரத்திவிடும் நாய் வியாபாரிகளும் இருக்கிறார்கள். நகத்தையும் தொங்கிய மடியையும் பார்த்தே காப்பகத்தார் அந்த நாயின் வாழ்க்கையைச் சொல்லிவிடுவார்கள். இடமாற்றம், பிரசவம், முதியவர் மரணம், வீட்டுக்காரர் மறுப்பு என்று காரணம் சொல்லிக் கொண்டுவந்து விடுகிறவர்களிடமாவது மனச்சாட்சி மிச்சம் இருக்கிறது. ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வண்டியை எடுப்பவர்களை என்ன சொல்ல! வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் விளைவாகப் பிறந்த சட்டம் அது. ஆனால் முதல் குற்றத்துக்கு அதில் சொன்ன அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை ஐம்பதைத் தாண்டாமலே நிற்பது வெட்கக்கேடு.

இனி, வீடு பொருத்தும் வேலை. தத்து முகாமில் நின்று அழகான குட்டியைக் கை நீட்டிக் கேட்டவுடன் யாரும் கொடுத்துவிடுவதில்லை, கொடுக்கவும் கூடாது. சொந்த வீடா வாடகையா, வாடகையென்றால் வீட்டுக்காரர் சம்மதம் உண்டா, வீட்டில் எல்லாருக்கும் இஷ்டமா, பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், பால்கனிக்குக் கம்பி இருக்கிறதா என்று பெண் கொடுப்பவர்போலத் துருவிக் கேட்பார்கள். ‘மாடியில் கட்டிப்போடுவோம், காவலுக்குத்தான்’ என்ற பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நேரில் போய் வீட்டைப் பார்ப்பதும் உண்டு. கருத்தடை செய்வோம், ஊசி தவறவிட மாட்டோம், முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் எங்களிடமே திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்குவார்கள். இவ்வளவு கேள்வியா என்று சலித்துக்கொண்டு கடைக்குப் போய் விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அவமதிப்புக்காகக் கேட்பதில்லை. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு நாய் திரும்பி வந்ததால் பிறந்த கேள்வி.

நாயின் பக்கமும் பார்க்க வேண்டும். பயந்து மூலையில் ஒடுங்கும் நாயைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தால் இரண்டுக்கும் கேடு. ஓட்டத்துக்குப் பிறந்த சிப்பிப்பாறையை ஒற்றை அறை வீட்டில் பூட்டினால் அது கதவைக் கடித்துத் தின்னும். முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குத் துள்ளுகிற குட்டியைவிட ஐந்தாறு வயதான அமைதியான நாய் பொருந்தும். இனத்தைப் பார்த்து முடிவுகட்டாமல் நாயைப் பார்த்து முடிவுகட்ட வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2007இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் நாய்ச்சண்டைக் கூடத்திலிருந்து ஐம்பது அளவில் பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. சண்டை நாய்களை மொத்தமாகக் கொன்றுவிடுவதுதான் அதுவரை வழக்கம். இந்த முறை ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார்கள். பெரும்பாலானவை காப்பகங்களுக்கும் குழுக்களுக்கும் போயின. பல பின்னர் குடும்பங்களில் சாதாரண வீட்டு நாயாக வாழ்ந்தன.

தத்துப்போன முதல் நாட்கள் பலரை ஏமாற்றும். கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு நாய் சோறு தின்னாது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும், இரவெல்லாம் முனகும். மூன்றாம் நாளே ‘இது சரிப்படாது’ என்று போன் வரும். ஊரும் வாசனையும் குரலும் ஒரே நாளில் மாறிப்போன உயிருக்கு வீட்டின் ஒழுங்கு பிடிபட வாரங்கள் ஆகும். தன் வீடு என்ற நிலை வர மாதங்கள்கூட ஆகலாம். அந்தக் காலம்வரை கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணும், வாசற்கதவில் கவனமும் மிக அவசியம். புது வீட்டிலிருந்து ஓடும் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது. தீபாவளி வெடிச்சத்தத்தில் ஓடித் தொலையும் நாய்களுக்கும் இதே கதிதான். அரிசி அளவே உள்ள மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பொருத்திவிட்டால், எங்கே பிடிபட்டாலும் கருவி கொண்டு படித்து உடையவரைக் கண்டுபிடிக்கலாம். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு இதையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

எல்லா நாய்க்கும் வீடு கிடைத்துவிடாது. வண்டி ஏறி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவை, கண் போனவை, பத்து வயது தாண்டியவை, மனிதரை இனி நம்பவே மாட்டாதவை என்று சில எப்போதும் தங்கிவிடும். பின்னங்கால்கள் இழுபடும் நாய்க்குச் சக்கர வண்டி கட்டிவிட்டால் வளாகமெங்கும் ஓடும். ஆனால் அதற்குத் தினமும் சிறுநீரை அழுத்தி வெளியேற்ற வேண்டும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வேலைக்குப் போகும் குடும்பத்தால் இயலாத காரியம். வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாதவர்கள் இத்தகைய நாய் ஒன்றின் மாதச் செலவை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு பல காப்பகங்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து குளிப்பாட்டி, நடத்திக் கூட்டிவருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிச் சத்தம் வாசலில் கேட்டதுமே அந்த நாய்கள் எழுந்துவிடும்.