உதிர்ந்த பழமும் முறிந்த கன்றும்

செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மரத்தடியில் சில பழங்கள் உதிர்ந்து கிடந்தால் குலை வெட்டும் பக்குவத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். வெட்டிய குலை விழும்போது இன்னும் கொஞ்சம் சிதறும். எவ்வளவு பொறுக்கினாலும் புல்லுக்குள்ளும் காய்ந்த மட்டைக்கு அடியிலும் சில தங்கிவிடும். அந்த உதிரிப் பழத்தைத் தேடி இரவில் காட்டுப்பன்றி வரும் என்பது நெகிரி செம்பிலானின் காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அந்தப் பழம் தோட்டத்து எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், வெட்டப்படாத காட்டின் நடுவே, மரக்கன்றுகளின் எண்ணிக்கையைப் பாதி அளவுக்கும் கீழே தள்ளுகிறது என்பதுதான் புதிது.

இதைக் கண்டுபிடித்த இடம் ஜெலுபு மாவட்டத்தில், சிம்பாங் பெர்த்தாங் அருகே உள்ள பாசோ வனக்காப்பகம். அதை மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்திருக்கிறது. 1980-களின் நடுவில் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் அங்கே 50 ஹெக்டேர் காட்டை அளந்து பிரித்தார்கள். 1 கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம். 1 சென்டிமீட்டர் தடிப்புள்ள கன்று முதல் அண்ணாந்து பார்க்கும் பெருமரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் கட்டினார்கள். சுமார் 335,000 மரங்கள், 800-க்கும் மேற்பட்ட இனங்கள். ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுகணக்கெடுப்பு. இந்தப் பொறுமையான உழைப்பு இல்லாமல், இனிச் சொல்லப்போகும் எதுவும் இல்லை.

இவ்வளவு இனங்கள் ஒரே காட்டில் எப்படி ஒத்து வாழ்கின்றன? இதற்கு விடை தேடித்தான் 1980-இல் பனாமாவில் ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் பாஸ்டரும் இதேபோன்ற 50 ஹெக்டேர் தளத்தை முதலில் தொடங்கினார்கள். ஒரு மரம் விழுந்தால் அந்த இடத்தை எந்த இனம் பிடிக்கும் என்பது பெருமளவு தற்செயலே என்று வைத்துக்கொண்டு, 2001-இல் ஹப்பெல் ஒரு கணித மாதிரியை நூலாகத் தந்தார். எல்லா மரமும் ஒன்றல்ல என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மாதிரி என்பதே அப்படித்தான் இயங்குகிறது. நூறு காரணங்களில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவைத்து, ஓரிரண்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அவை எவ்வளவு தூரம் விளக்குகின்றன என்று பார்ப்பது. எதை ஒதுக்கினோம் என்பதை மறக்காதவரை அது நல்ல கருவி. காட்டுக்குள் மட்டுமே பார்க்கும் மாதிரியில் செம்பனைக்கு இடம் இருக்காது. பன்றிக்கோ எல்லைக்கல் தெரியாது.

1990-களில் கேலன் இக்கஸ் என்ற ஆய்வாளர் பாசோவில் பன்றிகளைக் கணக்கிட்டார். காட்டில் ஓடும் விலங்கை ஆடு மாடுபோல் எண்ண முடியாது. நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு பன்றியும் எவ்வளவு தொலைவில் இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். அருகில் இருப்பது தெரியும், தள்ளி இருப்பது புதருக்குள் மறையும். தொலைவு கூடக்கூட நம் பார்வைக்குத் தப்புவது எந்த அளவில் கூடுகிறது என்று கணக்கிட்டுவிட்டால், காணாமல் விட்டவற்றையும் மதிப்பிடலாம். ஆக, எண்ணிக்கையே ஒரு மாதிரி தந்த விடைதான். சதுரக் கிலோமீட்டருக்கு 1996-இல் 47 பன்றிகள், 1998-இல் 27. வேறு காடுகளில் அறியப்பட்டதைவிட இது பல மடங்கு.

காரணம் இரண்டு. பன்றியை அடித்துத் தின்னும் புலியும் சிறுத்தையும் அங்கே இல்லாமற் போய்விட்டன. மற்றொன்று உணவு. மெராந்தி போன்ற நம் காட்டுப் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து காய்த்துக் கொட்டும். பிறகு நீண்ட பஞ்சம். அந்தப் பஞ்சமே பன்றிக் கூட்டத்துக்குக் கடிவாளமாக இருந்தது. செம்பனை ஆண்டு முழுக்கப் பழம் தருகிறது. கடிவாளம் அவிழ்ந்துவிட்டது.

வயிறு நிறைந்த பன்றி குட்டி போடக் காட்டுக்குள் திரும்புகிறது. சேதம் அங்கேதான். ஈனும் முன் தாய்ப்பன்றி இளங்கன்றுகளைக் கடித்து முறித்தும் வேரோடு பிடுங்கியும் குவித்துப் படுக்கை அமைக்கும். ஒரு படுக்கைக்கே நூற்றுக்கணக்கான கன்றுகள் போகலாம். இக்கஸ் குழுவினர் சிறு நிலத்துண்டுகளை வேலியிட்டுப் பன்றி நுழையாமல் காத்துப் பார்த்தார்கள். இரண்டே ஆண்டில், வேலிக்குள் புதிதாக முளைத்து நின்ற கன்றுகள் வெளியே இருந்ததைப்போல மூன்று மடங்கு.

இந்தத் தனித்தனிச் சான்றுகளை எல்லாம் ஒரே கணக்கில் சேர்த்தது 2017-இல் மேத்யூ லஸ்கின் தலைமையில் வெளியான ஆய்வு. செம்பனைப் பழத்தால் பன்றிகள் 100 மடங்கு பெருகின. 24 ஆண்டுகளில் கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு சரிந்தது. தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்த காலத்தில் பழம் குறைந்தது, பன்றியும் குறைந்தது. யாரும் திட்டமிடாத சோதனை அது. கணக்குச் சரிதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

முன்கணிப்புக்கு எல்லையும் உண்டு. 2021-இல் பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மலேசியாவுக்குள் வந்தது. பழத்தையும் பன்றியையும் மட்டும் அறிந்த மாதிரி இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. நோயையும் சேர்த்து அதைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.

இன்று முறியும் கன்றின் இழப்பு இன்று தெரியாது. மேலே பச்சைக் கூரை அப்படியே நிற்கும். அந்தப் பெருமரங்கள் சாயும்போதுதான் கீழே ஆளில்லை என்பது புலப்படும். மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், நம்மால் விரைவில் மாற்றக்கூடியது ஒன்றே. சில ஆயிரம் ஹெக்டேர் காட்டுக்குப் புலியைத் திருப்பிக் கொண்டுவருவது எளிதல்ல. காட்டோர வரிசைகளில் உதிரிப் பழத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கலாம். அதற்குக் கூலி கூட்டித் தரவேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை சாக்கு பழம் பொறுக்கினோம், எங்கே புதுப் பன்றித் தடம் கண்டோம் என்று வேலை செய்பவர்களே குறித்துத் தந்தால், ஆய்வாளர்களின் கணக்கில் தோட்டத்துப் பக்கத்துக்கும் எண்கள் கிடைக்கும்.