வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரியில் 'வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்' என்றால் எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடற்கரைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவே வெள்ளைக்காரர்கள் குடியிருந்த வீதிகள் அவை. கிழக்கே கடல், மேற்கே வாய்க்கால். தீவு என்றே சொல்லலாம். அதற்குள், பாரதி பூங்கா பக்கம், அருங்காட்சியகத்தை ஒட்டி ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் அந்த வாசலுக்குள் எப்படி, எப்போது போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் அந்த நூலகத்தின் கதை என்று எனக்குத் தோன்றுகிறது.

1827இல் அதைத் தொடங்கியவர் ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன். அவர் இங்கே இருந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்தான். அதற்குள் இன்றைய பிரெஞ்சு லிசேயின் மூலமான பள்ளி, தாவரவியல் பூங்கா, நூலகம் ஆகிய மூன்றையும் வைத்துவிட்டுப் போனார். எத்தனையோ ஆளுநர்களின் பேர் ஊருக்கு மறந்துபோனது. இந்த மூன்றும் இருக்கின்றன. ஆனால் அது பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்களுக்கான நூலகம். மீனவர் தெருவிலும் நெசவாளர் தெருவிலும் இருந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை இருந்திருக்கும்?

இந்தப் பக்கம் செய்தி காதுவழி வந்தது. நூலகம் வருவதற்கு முந்தைய நூற்றாண்டில், 1736 முதல் 1761 வரை, கப்பல் வந்ததையும் போர் மூண்டதையும் ஊர்ச் சண்டையையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அதுவும் அவருடைய சொந்த நாட்குறிப்பாகவே இருந்தது. 1908இல் பாரதி இங்கே வந்து சேர்ந்தார், 'இந்தியா' பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. 1934இல் வ. சுப்பையா 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து, 1936 ஜூலை 30 அன்று, ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். அந்தத் தலைமுறையில் ஆலைத் தெருக்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நூலகம் தராததைத் திண்ணையும் டீக்கடையும் தந்தன.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1966இல், ரோமன் ரோலண்டின் நூற்றாண்டில், நூலகத்துக்கு அவர் பேரை வைத்தார்கள். 1915ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அவர். இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் காந்தியைப் பற்றி 1924இலேயே புத்தகம் எழுதினார், பிறகு ராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் பற்றி எழுதினார். 1931 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் வழியில் காந்தி சுவிட்சர்லாந்துக்குப் போய் அவரோடு சில நாள் தங்கினார். இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு மனிதரைத் தேடிப் பிடித்துப் பேர் வைத்திருக்கிறார்கள். சரியான பேர்.

நான் அந்த நூலகத்தை முதலில் பார்த்தது அதன் கட்டடத்தில் இல்லை. எங்கள் கொம்யூனில், அரசமரத்தடியில், ஒரு வண்டியில் பார்த்தேன். 'வண்டி வந்துடுச்சு' என்று யாராவது குரல் கொடுத்தால் ஐஸ் வண்டியா புத்தக வண்டியா என்று ஓடிப்போய்ப் பார்ப்போம். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் அடுக்கடுக்காகப் புத்தகம். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931இல் மாட்டுவண்டியில் ஊர்ஊராகப் புத்தகம் கொண்டுபோனார்கள். நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் தூண்டிவிட்ட காரியம் அது. எங்களுக்கு வந்தது அதன் மோட்டார் தம்பி.

அந்த வண்டியருகே அதிகம் நின்றவர்கள் பெண்கள். அதை இப்போதுதான் யோசிக்கிறேன். எங்கள் அக்கா பத்தாவதோடு நின்றவள். டவுனுக்குத் தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள். லட்சுமியின் நாவல் இருக்கிறதா என்று கேட்பாள். இல்லை என்றால், 'அடுத்த தடவை எடுத்தாங்க சார், மறந்துடாதீங்க' என்பாள். புத்தகத்தின் பின்அட்டையில் ஒட்டிய தாளில் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்தித் தருவார்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்று அந்தத் தேதிகளை எண்ணிப் பார்ப்பது அவள் வழக்கம். ரொம்பத் தேதி இருந்தால் நல்ல கதை.

பிறகு நான் டவுன் பள்ளியில் சேர்ந்ததும் நூலகத்துக்கே போகத் தொடங்கினேன். காலையில் செய்தித்தாள் மேசையில் இடம் கிடைக்காது. தினத்தந்தி ஒன்று, அதைப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். 'நடுத்தாள் முடிஞ்சுதாங்க?' என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையோடு, பிரெஞ்சு ஏடுகளின் பக்கம் உட்கார்ந்திருப்பார். வாசல் பலகையில் கண் சிகிச்சை முகாம், பட்டிமன்றம், நூல் வெளியீடு என்று நோட்டீசு குத்தியிருக்கும். ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பலகை போதும். அந்தக் கூடத்தில் பெண் பிள்ளைகளைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை.

போன மாதம் போனேன். மேசைகள் நிறைந்திருந்தன. பாதிக்குப் பாதி பெண்கள். பாகூர்ப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள், டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் பக்கத்தில், முன்னால் போட்டித் தேர்வுக் கைடு. ரோடியர் மில் 2020இல் மூடிய ஊரில் நிலையான சம்பளம் என்றால் அரசாங்க வேலைதான் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை. வீட்டில் ஒரே அறை, டி.வி. ஓடுகிறது, இங்கே மேசையும் மின்விசிறியும் அமைதியும் கிடைக்கிறது. 'படிக்க வராமல் தேர்வுக்கு வருகிறார்கள்' என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் அக்காவுக்குக் கிடைக்காத நாற்காலி இது.

எனக்கு வருத்தம் வேறு. மூன்று லட்சத்துக்கு மேல் புத்தகம் உள்ள நூலகம். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஊர் நூலகம் இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது? அன்று நான் எடுத்துப் பார்த்த ஒரு நாவலின் தேதித்தாளில் பாதிக்கு மேல் வெற்றிடம். ஊர்ச் செய்தி போனிலேயே வந்துவிடுவதால் நோட்டீசுப் பலகையை யாரும் நின்று பார்ப்பதில்லை. செய்தி வந்துவிடுகிறது, கூட்டம் சேர்வதில்லை. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் வரும், பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடக்கும், அதோடு சரி. மேசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஒருவர் ஒரு கதையைப் படிக்க மற்றவர்கள் கேட்கிற மாதிரி ஏற்பாடு செய்தால் என்ன? ஆலைத் தெருவில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் செய்ததுதானே? பிரபஞ்சன் இந்த ஊர்க்காரர், கி.ரா. கடைசிவரை இந்த ஊரில் வாழ்ந்தார். அவர்கள் கதையை வாய்விட்டுப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

2027இல் நூலகத்துக்கு இருநூறு வயது. விழா எடுப்பார்கள், மேடை போடுவார்கள். அதற்கு முன் நம்மால் ஆகிற காரியம் ஒன்று உண்டு. வீட்டுப் பரணில் பழைய கூட்ட நோட்டீசு, உறுப்பினர் அட்டை, நூலக வண்டியோடு நின்று எடுத்த படம் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். ஒரு சனிக்கிழமை வாய்க்காலைத் தாண்டி, வீட்டுப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தை அது தன் கையாலேயே எடுக்கட்டும்.