அந்தர நடனத்தில் உணர்ச்சி: அசைவுப் பகுப்பாய்வின் வழிக் கற்பித்தல்

உயரத்திலிருந்து தொங்கும் நீள்துணியையோ ஊஞ்சற்கம்பையோ பற்றி, நிலத்தினின்று நீங்கி ஆடும் ஆடலை இவ்வுரையில் 'அந்தர நடனம்' எனக் குறிப்பிடுகிறேன். இதன் வேர்களுள் ஒன்று சர்க்கஸ் கலை. 1859இல் பாரிசில் ழூல் லெயோத்தார் பறக்கும் ஊஞ்சலை அரங்கேற்றியபோது, காண்போர் வியந்தது அவருடைய துணிவையும் திறனையுமே. நடனமோ வியப்போடு நின்றுவிடுவதன்று. ஆடுபவரின் அகநிலை காண்பவரை எட்ட வேண்டும். ஆசிரியரின் இடர் இங்கேதான் தொடங்குகிறது. தலைகீழாகத் தொங்கும் மாணவரிடம் "உணர்ச்சியோடு ஆடு" என்றால் அவர் என்ன செய்வார்? பெரும்பாலும் முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்.

ருடால்ஃப் லாபான் (1879–1958) வகுத்த அசைவுப் பகுப்பாய்வு இவ்விடத்தில் கைகொடுக்கிறது. அசைவின் வடிவத்தோடு, அது எத்தகைய தன்மையில் நிகழ்கிறது என்பதையும் அவர் நோக்கினார். ஆங்கிலத்தில் இதனை 'எஃபர்ட்' என்பர். 'முயற்சி' என்று பெயர்த்தால் பொருள் வழுவும். ஜெர்மன் மொழியில் வழங்கும் 'அன்ட்ரீப்' என்னும் சொல் உள்ளிருந்து எழும் விசையைச் சுட்டுவதால், 'உந்துதல்' என்பதே பொருந்தும் எனக் கருதுகிறேன்.

உந்துதலுக்கு எடை, காலம், வெளி, ஓட்டம் என நான்கு கூறுகள் உண்டு. ஒவ்வொன்றும் இரு முனைகளுக்கிடையே அமைவது: எடையில் வன்மையும் மென்மையும், காலத்தில் திடீரெனலும் நீடித்தலும், வெளியில் நேர்நோக்கும் பரவுநோக்கும், ஓட்டத்தில் கட்டுண்டமையும் கட்டற்றமையும். மென்மை, நீடித்தல், பரவுநோக்கு ஆகியன கூடினால் அசைவு 'மிதத்தல்' ஆகும். வன்மை, திடீரெனல், நேர்நோக்கு ஆகியன கூடினால் 'குத்தல்' ஆகும்.

இவற்றுள் எடையே அந்தர நடனத்தில் மிகுந்த சிக்கல் தருவது. நிலத்தில் பாதம் தாங்கும் உடலை இங்குக் கைகள் தாங்க நேர்கிறது. பிடி வன்மையாகத்தான் இருக்க வேண்டும்; தளர்ந்தால் வீழ்ச்சி. ஆயினும் காட்ட வேண்டிய உணர்வு மென்மையாக இருக்கலாம். தொடக்க மாணவரிடம் பிடியின் வன்மை கழுத்துக்கும் தாடைக்கும் ஏறிவிடுகிறது. காண்பவர் கண்ணுக்கு உணர்ச்சி தெரிவதில்லை, உழைப்பே தெரிகிறது. ஆகவே தாங்கும் கை வேறு, பேசும் கை வேறு என உடலைப் பிரித்துப் பழக்க வேண்டும். தரையில் நின்றபடியே ஒரு கையால் துணியை இறுகப் பற்றி, மற்றக் கையால் மிதத்தலைச் செய்யச் சொல்லலாம். அது கைவந்த பின்னரே பாதம் ஒரு சாண் உயரட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. தொங்குபுள்ளியிலிருந்து உடலின் நிறைமையம் வரை 4 மீட்டர் எனில், சிறு வீச்சில் ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ 4 விநாடி ஆகும். 1 மீட்டர் எனில் 2 விநாடி. ஆடுபவர் பருத்தவரா மெலிந்தவரா என்பது பொருட்டன்று. பாட்டை முதலில் தேர்ந்துவிட்டுப் பின்னர்க் கயிற்றோடு போராடுவதைவிட, கயிற்றின் நீளத்தை அளந்துவிட்டு இசையைத் தேடுவது நலம். அந்தக் காலத்துக்குள்ளும் ஆடுபவருக்கு உரிமை உண்டு. வீச்சின் உச்சியில் தலையைச் சட்டெனத் திருப்புவதும், நெடிது தயங்கித் திருப்புவதும் ஒன்றல்ல. வேகம் புவியீர்ப்பினுடையது, காலத்தை அவசரமாகவோ ஆறுதலாகவோ கொள்ளும் மனப்பாங்கு ஆடுபவருடையது.

ஓட்டம் பாதுகாப்போடு பிணைந்தது. துணிச்சுற்றையும் தொங்குபுள்ளியையும் தகுதியுடையோர் சரிபார்த்து, அடியில் மெத்தை விரித்த பின்னரே கட்டற்ற ஓட்டத்தைக் கேட்கலாம். அச்சத்தில் உடலை இறுக்கிக்கொள்ளும் மாணவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அவ்விறுக்கம் அவரைக் காக்கிறது.

வெளியைக் கற்பிக்கையில் சொல்லும் தெளிவாக இருத்தல் வேண்டும். நிலத்தில் ஆடுபவருக்குப் பாதத்தின்கீழ் வெளியில்லை. அந்தரத்தில் அதுவும் திறந்துகிடக்கிறது. தலைகீழாக இருப்பவரிடம் "கையை மேலே நீட்டு" என்றால் அது கூரையா, தலையின் பக்கமா? இரண்டும் எதிரெதிர்த் திசைகள். 'கூரைப்பக்கம்', 'தரைப்பக்கம்' என அறையைச் சார்ந்தும், 'தலைப்பக்கம்', 'பாதப்பக்கம்' என உடலைச் சார்ந்தும் இருவகைச் சொற்களை முதல் வகுப்பிலேயே வகுத்துக்கொண்டு, மாணவர் தரையில் படுத்திருக்கும்போதே அவற்றைச் சொல்லிப் பழக்குவது நன்று.